அந்தப் பட்டியலை மாற்றுங்கள்: பண்டமாரானில் கணினி கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பொதுவில் ஒரு கணினி கட்டப் போகிறீர்கள், அதில் மேக்ஓஎஸ் ஏற்றிப் பாட்டும் வீடியோவும் செய்யப் போகிறீர்கள் என்று அறிந்தேன். மகிழ்ச்சி. வாங்கவிருக்கும் பாகங்களின் பட்டியலை உங்களில் ஒருவர் என் மேசையில் வைத்து, "அண்ணே, ஓகேவான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தேன். கோர் ஐ9-14900கே பிராசசர், இசட்790 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், வைஃபை 6இ. கேம் ஆடுவதற்கு அருமையான பட்டியல். மேக்ஓஎஸ் ஓட்டுவதற்கு இதைவிடப் பொருந்தாத ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது.

அவரிடம் மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பண்டமாரானிலும் போர்ட் கிள்ளானிலும் தெலுக் பூலாயிலும் இதே ஆசையோடு இன்னும் பலர் இருக்கிறீர்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்ஓஎஸ்ஸுக்காகப் புதிய இன்டெல் வாங்காதீர்கள். ஆப்பிள் அல்லாத பெட்டியில் அதை ஓட்டிப் பார்த்தே தீரவேண்டும் என்றால் பழைய இன்டெல் வாங்குங்கள். பிழைப்புக்கு மேக் தேவை என்றால் ஆப்பிள் விற்கும் சின்னப் பெட்டியையே வாங்குங்கள். நீங்கள் போட்ட பட்டியல் இந்த இரண்டிலும் சேராது. பணம் மட்டும் இரண்டையும்விட அதிகம் கேட்கும்.

புதியது வாங்கினால் பழையதைவிட நன்றாக ஓடும் என்று நம்புவது இயல்புதான். விண்டோஸில் அப்படித்தான் நடக்கிறது. மேக்ஓஎஸ்ஸில் ஏன் தலைகீழாக நடக்கிறது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2005 ஜூன் 6ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கணினிகள் பவர்பிசி சிப்பை விட்டு இன்டெலுக்கு மாறப் போவதாக அறிவித்தார். மென்பொருள் எழுதுகிறவர்கள் முன்கூட்டியே தயாராகட்டும் என்று பென்டியம் 4 போட்ட சோதனைப் பெட்டி ஒன்றையும் ஆப்பிள் கொடுத்தது. அதிலிருந்த இயங்குதளம் வெளியே கசிந்தது. கொஞ்ச நாளிலேயே ஆர்வலர்கள் அதைச் சாதாரணக் கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள். ஹேக்கிண்டோஷ் என்ற இந்தப் பழக்கம் பிறந்தது அப்படித்தான். ஆப்பிளும் சும்மா இருக்கவில்லை. ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்களை மறையாக்கம் செய்து, அவற்றைத் திறக்கும் சாவியை மேக்கின் எஸ்எம்சி சிப்புக்குள் வைத்தது. இந்தப் பூட்டைக் காக்கும் கெக்ஸ்டு என்ற துணை நிரலுக்கு 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்' என்றே பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரில் உள்ள குறும்பு எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு ஓப்பன்கோர் என்ற பூட்லோடரும் விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற கெக்ஸ்டும் சேர்ந்து, "இது ஆப்பிள் பெட்டிதான்" என்று மேக்ஓஎஸ்ஸை நம்பவைக்கின்றன. ஓப்பன்கோருக்கு முன்னால் கமீலியன், குளோவர் என்று வேறு பூட்லோடர்கள் இருந்தன. அவற்றைப் பற்றிய பழைய வழிகாட்டிகள் கையில் கிடைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியைப் பற்றி எவ்வளவு பொய் சொன்னாலும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வோம். ஆப்பிள் தன் கணினிகளில் வைத்த சிப்புகளுக்கு மட்டும்தான் மேக்ஓஎஸ்ஸுக்குள் டிரைவர் உண்டு. இன்டெல் சிப்போடு கடைசியாக வந்த புது மேக், 2020 ஆகஸ்டில் வெளியான 27 அங்குல ஐமேக். அதில் இருந்தது 10ஆம் தலைமுறை, காமெட் லேக். அதே ஆண்டு நவம்பரில், ஆப்பிள் சிலிக்கன் எனப்படும் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்டெல் செய்த எந்தச் சிப்பும் மேக்குக்குள் போகவில்லை. ஆகவே 10ஆம் தலைமுறையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ, அவ்வளவு தூரம் மேக்கை விட்டு விலகிப் போகிறீர்கள்.

11ஆம் தலைமுறையில் சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கே டிரைவர் இல்லை. 2021 நவம்பரில் வந்த 12ஆம் தலைமுறையில் சிக்கல் இன்னும் பெரிது. அதில் இருப்பது இரண்டு வகைக் கோர்: வேகமான பி-கோர், மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈ-கோர். நீங்கள் கேட்ட 14900கேயில் பி-கோர் 8, ஈ-கோர் 16. எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்று விண்டோஸ் 11க்குத் தெரியும். இன்டெலுக்கான மேக்ஓஎஸ்ஸுக்கு இந்த வேறுபாடே தெரியாது. நம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரையும் கணக்கு எழுதுகிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கைக்கு எட்டியவர் தலையில் மூட்டையை ஏற்றுவது போல அது வேலையைப் பங்கிடும். சிபியுடோப்பாலஜிரீபில்டு என்று ஒரு கெக்ஸ்டு இருக்கிறது, ஓரளவுக்குச் சரிசெய்யும். அதற்கு முன்னால், "நான் காமெட் லேக்" என்று பிராசசரே பெயரை மாற்றிச் சொல்லும்படி ஓப்பன்கோரில் எழுதிவைக்க வேண்டும். ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புதுமை எதையும் அது பயன்படுத்தாது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை, அதற்கென்றே வந்த புது சாக்கெட், இவற்றை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது கிராபிக்ஸ். 14900கேக்குள் இருக்கும் யுஎச்டி 770ஐ மேக்ஓஎஸ் அறியாது. தனிக் கார்டு கட்டாயம். அந்தக் கார்டு என்விடியாவாக இருக்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் என்றுமே இருந்ததில்லை. 4070 போட்டால் திரையில் படம் வரும். ஆனால் ஜன்னல் ஒன்றை இழுத்தால் அது தள்ளாடித் தள்ளாடி வரும், வீடியோ வெட்டவே முடியாது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600, 6600 எக்ஸ்டி, 6800, 6800 எக்ஸ்டி, 6900 எக்ஸ்டி ஆகியவை வேலை செய்யும். நடுவில் இருக்கும் 6700 எக்ஸ்டி இயல்பாக வேலை செய்யாது. 6600உம் ஓடுகிறது, 6800உம் ஓடுகிறது, நடுவில் உள்ளதற்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். மேக் ப்ரோவுக்கு ஆப்பிள் விற்ற கார்டுகளில் நேவி 21, நேவி 23 சிப்புகள் இருந்தன. 6700 எக்ஸ்டியில் இருப்பது நேவி 22. அதை ஆப்பிள் எந்த மேக்கிலும் வைக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 7000 வரிசைக்கும் டிரைவர் கிடையாது. "ஏஎம்டின்னா எல்லாமே ஓடும் பாஸ்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

14900கே பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மேக் ஓட்டாதவர்களுக்கும் பொருந்தும். 13, 14ஆம் தலைமுறை உயர்வகை டெஸ்க்டாப் சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் ஏறி, சிப்பே நாளடைவில் தேய்ந்துபோகும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடுத் திருத்தம் வந்தது, பின்னர் இன்னும் சில திருத்தங்கள் வந்தன, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த சிப்பைக் குணமாக்காது. செகண்ட்ஹேண்டில் ஐ9 மலிவாகக் கிடைக்கிறது என்று துள்ளாதீர்கள். அப்படி ஒரு சிப்பில் மேக்ஓஎஸ் ஏற்றினீர்கள் என்றால், பாதி இரவில் கணினி தானாக அணைந்து எழும்போது குற்றவாளி கெக்ஸ்டா, ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பா, சிப்பா என்று கண்டுபிடிக்கவே முடியாது. எந்தப் பெட்டியாக இருந்தாலும் முதலில் விண்டோஸ் போட்டுப் பாரம் ஏற்றிச் சோதியுங்கள். அங்கே நிலையாக நின்ற பிறகு மேக்ஓஎஸ் பக்கம் வாருங்கள்.

சூட்டையும் நினைத்துப் பாருங்கள். அந்தச் சிப் முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். அதோடு கிராபிக்ஸ் கார்டு வேறு. ஏர்கான் இல்லாத அறை, மத்தியான வெயில், ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதி. அந்த அறையில் வீடியோ ரெண்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர் நீங்கள். மாதக் கடைசியில் தெனாகா மின்கட்டணப் பில்லைப் பிரிக்கிறவர் உங்கள் அம்மா. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்று. மழைக்காலத்தில் பழுதுபார்க்க என் மேசைக்கு வரும் செத்த பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை மாலை மழையில் செத்தவை. பட்டியலில் ஆர்ஜிபி விளக்கு மூன்று இருந்தது, சர்ஜ் புரொடெக்டர் ஒன்றுகூட இல்லை. விளக்கை எடுத்துவிட்டு அதை எழுதுங்கள். முடிந்தால் சின்ன யுபிஎஸ் ஒன்றும்.

இவ்வளவையும் சமாளித்துக் கட்டினாலும் எவ்வளவு காலம்? 2025 ஜூன் 9ஆம் நாள் ஆப்பிள் தன் மாநாட்டில் சொல்லிவிட்டது: மேக்ஓஎஸ் 26, அதாவது டாஹோ, இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. அதிலேயே நான்கு இன்டெல் மேக் மாடல்களுக்குத்தான் இடம். 27இலிருந்து ஆப்பிள் சிலிக்கன் மட்டும். இருபது ஆண்டுக் கதை அத்தோடு முடிகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் வரும். டாஹோவிலேயே பழைய ஒலி டிரைவரான ஆப்பிள்எச்டிஏவை எடுத்துவிட்டார்கள், மதர்போர்டின் பின்னால் உள்ள ஒலித் துளை ஊமையாகிவிடும். பாட்டு செய்கிறவர்களுக்கு இதில் பெரிய நட்டமில்லை, உங்களிடம் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. ஆனால் உங்களில் ஒருவர் லாஜிக் ப்ரோவில் பழைய பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், அதற்காகத்தான் மேக் வேண்டும் என்றாராம். லாஜிக் ப்ரோ 11இல் அதற்கென வந்த ஸ்டெம் ஸ்ப்ளிட்டர் ஆப்பிள் சிலிக்கனில் மட்டுமே வேலை செய்யும். இன்டெலில், அது உண்மையான மேக்காகவே இருந்தாலும், வேலை செய்யாது. இதை யாருமே உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, என்ன வாங்கலாம்?

கற்றுக்கொள்ளத்தான் என்றால் 10ஆம் தலைமுறை. கோர் ஐ5-10400 அல்லது ஐ7-10700. மாடல் எண் 'எஃப்' என்று முடியக் கூடாது. முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். 'எஃப்' இல்லாத சிப்பில் இருக்கும் யுஎச்டி 630ஐ மேக்ஓஎஸ் நன்றாக அறியும். முதலில் அதை வைத்தே ஓட்டுங்கள். பிறகு காசு சேர்ந்தால் ஆர்எக்ஸ் 6600 போடலாம். அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், எச்பி பெட்டிகளில் இந்தத் தலைமுறை நிறைய வருகிறது. மேக்ஓஎஸ் காலம் முடிந்த பிறகும் அதே பெட்டியில் விண்டோஸ் 11 முறையாக ஓடும், லினக்ஸும் ஓடும். போட்ட பணம் வீணாகாது. போர்ட் கிள்ளானில் வெளிநாட்டு மின்கழிவுக் கொள்கலன்களை அதிகாரிகள் பிடிக்கும் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஊர் உலகத்துக் குப்பை நம் வாசலில் வந்து இறங்கும்போது, வேலை செய்யும் பெட்டியைக் குப்பைக்குப் போகாமல் பிடித்து வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

எஸ்எஸ்டி வாங்கும்போது லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங் பிஎம்981 என்றால் வேண்டாம், மேக்ஓஎஸ் அதில் அடிக்கடி விழுந்துவிடும். வைஃபைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஹேக்கிண்டோஷ்காரர்கள் நம்பியிருந்த பிராட்காம் கார்டுகளின் ஆதரவை 2023இல் சொனோமா பதிப்போடு ஆப்பிள் நிறுத்திவிட்டது. லேன் கேபிள் இழுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டையும் சிஎஃப்ஜி லாக்கையும் அணைக்க வேண்டும், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃபைத் திறக்க வேண்டும். பிறகு யுஎஸ்பி மேப்பிங்: ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் மேக்ஓஎஸ் ஏற்காது, ஒரு நீல யுஎஸ்பி 3 துளையே இரண்டு போர்ட்டாகக் கணக்காகும். எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு துளையிலும் பென்டிரைவைச் செருகிக் குறித்துக்கொள்ள வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இந்த அலுப்பில்தான் கணினி எப்படி விழித்தெழுகிறது, எந்தச் சிப் யாரிடம் பேசுகிறது என்பதெல்லாம் புரியும். அடுத்தவர் செய்த ஓப்பன்கோர் இஎஃப்ஐ கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டால் அதுவும் கிடைக்காது, கணினியும் நிலையாக நிற்காது. மேக்ஓஎஸ் பதிப்பு, டாஹோவுக்கு முந்தைய சிக்கோயாவோடு நிற்கட்டும். டாஹோவுக்கு அவசரம் வேண்டாம்.

பிழைப்புக்கு என்றால் கதை வேறு. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 மேக் மினி 16 ஜிபி ராமோடு அமெரிக்காவில் 599 டாலருக்கு வந்தது. நம் ஊர் விலையைக் கடையில் கேளுங்கள், உங்கள் பட்டியலின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். அதிகபட்சமாக 65 வாட்தான் இழுக்கும். செகண்ட்ஹேண்ட் எம்1 மினி இன்னும் மலிவு. ஸ்டெம் ஸ்ப்ளிட்டரும் அதில் ஓடும். விலை கேட்கக் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் போய், மியூசியம் நெகாராவில் எம்ஆர்டி பிடித்தால் புக்கிட் பிந்தாங்கில் இறங்கி, கணினிக் கடைகள் உள்ள லோயாட் பிளாசா போகலாம். இறங்காமல் இன்னும் ஒரு நிறுத்தம் போனால் டிஆர்எக்ஸ். மலேசியாவின் முதல் ஆப்பிள் கடை 2024 ஜூனில் அங்கே திறந்தது. ஒரே நாளில் இரண்டு இடத்திலும் விலை விசாரித்துவிட்டு வாருங்கள்.

மேக்கே இல்லாவிட்டால் என்ன என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ வெட்டும் டாவின்சி ரிசால்வ் விண்டோஸில் இலவசமாகவே கிடைக்கிறது. லாஜிக்கே ஒரு காலத்தில் விண்டோஸில் இருந்த மென்பொருள்தான். அதைச் செய்த இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002இல் வாங்கி விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. நீங்கள் ஆப்பிளுக்குக் கடமைப்பட்டவர்கள் அல்ல. தமிழ் எழுத்துக்காக மேக் வேண்டும் என்று சொன்ன தங்கைக்கு மட்டும் ஒரு செய்தி. பாட்டு வரிகளை வீடியோவில் போட உங்களுக்குப் பிடித்த 'தமிழ் சங்கம் எம்என்', 'இணைமதி' எழுத்துருக்களை வடித்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். எம்என் என்பது அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்தான். உலகத்தில் எந்த மேக்கைத் திறந்தாலும் எழுத்துருப் பட்டியலில் நம் நாட்டுக்காரர் பெயர் இருக்கிறது. அவருடைய முரசு அஞ்சல் விண்டோஸ் கணினிகளிலும் நெடுங்காலமாகத் தமிழ் எழுதிவருகிறது. ஆனால் மேக்கிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளை நகலெடுத்து விண்டோஸில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவருடைய உழைப்புக்கு உரிமம் இருக்கிறது.

உரிமம் என்றதும் கடைசியாக ஒன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே மேக்ஓஎஸ்ஸை நிறுவலாம் என்பது அதன் ஒப்பந்தம். வீட்டில் கற்றுக்கொள்ள ஓட்டுகிறவரும் அந்த ஒப்பந்தத்தை மீறித்தான் ஓட்டுகிறார். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பது பற்றிய பிரிவு உண்டு. தெரிந்து செய்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்பது உங்கள் முடிவு. ஆனால் இப்படிக் கட்டிய பெட்டிகளைத் தெங்கு கிளானா சாலைப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு விற்கலாம் என்று உங்களுக்குள் ஒரு பேச்சு ஓடுவதாகக் கேள்வி. அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008 ஏப்ரலில் இதைத்தான் செய்தது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் அல்சப் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தார். 2011இல் மேல்முறையீட்டிலும் சைஸ்டார் தோற்றது. அந்தப் பெட்டிகளுக்காகச் சைஸ்டார் காசு கொடுத்தே மேக்ஓஎஸ் வாங்கியதாக வாதாடியும் பயனில்லை.

சட்டத்தை விடுங்கள், வாங்குகிறவரை நினையுங்கள். கல்யாணம் ஒருமுறைதான் நடக்கும். நலுங்கு முதல் தாலி கட்டு வரை எடுத்த படமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது, ஒரு அப்டேட் தானாக இறங்கி, காலையில் திரை கறுப்பாக நின்றால் அவர் யாரிடம் போவார்? ஆப்பிள் கடைக்குப் போக முடியாது. உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். அப்போது உங்களில் பாதிப் பேர் கல்லூரிக்கு வேறு மாநிலம் போயிருப்பீர்கள்.

பட்டியலை அடித்து எழுதிக்கொண்டு சனிக்கிழமை மாலை வாருங்கள். மேசை பெரியது, எல்லாருக்கும் இடம் உண்டு. 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டுவாருங்கள், பழையதானாலும் பரவாயில்லை. கீபோர்டு வயர் உள்ளதாக இருக்கட்டும்; சென்ற முறை ஒருவர் ப்ளூடூத் கீபோர்டோடு வந்தார், அதை வைத்துக்கொண்டு பயாஸுக்குள் நுழைய முடியாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பண்டமாரான்